நேரம் வரும்

வைகையின் தென்கரையில், பாலத்துக்குச் சற்றுக் கிழக்கே மௌனசாமியின் மடம் இருந்தது. மடம் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரு தகரக் கொட்டகை, ஒரு தண்ணீர்த் தொட்டி, மூன்று கோரைப் பாய்கள், அவ்வளவுதான். சாமியும் பெயருக்குத்தான் மௌனசாமி. இங்கே வந்த புதிதில் பல்வலியால் பத்து நாள் வாயைத் திறக்காமல் இருந்தார். அதற்குள் ஊர் பெயர் வைத்துவிட்டது. பல்வலி போன பிறகு நன்றாகவே பேசினார்.

அவருக்கு ஒரே சீடன் சோணைமுத்து. வயதில் இருவருக்கும் நாலைந்து வருடம்தான் வித்தியாசம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கீழப்பட்டறைத் தெருவில் சோணைமுத்துவுக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. பன்னிரண்டு வருடமாக விடியற்காலையில் பாலத்தைக் கடந்து வந்து, மூச்சைக் கவனிக்கவும் மனசை அடக்கவும் சாமியிடம் கற்றுக்கொண்டிருந்தான்.

ஐப்பசியில் ஒரு நாள் அவன் காலை பத்து மணிக்கு வந்தான். அது அவன் வருகிற நேரம் இல்லை. செருப்பைக் கழற்றாமலே கொட்டகைக்குள் வந்து நின்றான்.

"சாமி, ஒண்ணு கேக்கணும். அடக்கம் நல்லதா, கெட்டதா?"

"என்ன நடந்துச்சு?"

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"செருப்பைக் கழட்டிட்டு உக்காரு. என்ன நடந்துச்சுன்னு சொல்லு."

அவன் உட்கார்ந்து சொன்னான். நடுநடுவே அழுததால் முன்பின்னாகத்தான் வந்தது. நான் அதை வரிசைப்படுத்திச் சொல்கிறேன்.

கீழப்பட்டறைத் தெருவில் மனிதர்கள் இரண்டு வகை. அடித்தவன், வாங்கியவன். மூன்றாவது வகைக்கு அங்கே இடம் கிடையாது. வாங்கியவனுக்கு டீக்கடை பெஞ்சில் யாரும் நகர்ந்து இடம் தர மாட்டார்கள். கபடியில் சேர்க்க மாட்டார்கள். முடிவெட்டுகிற கடையில்கூட அவன் முறை வரும்போது வேறொருவன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். இதெல்லாம் ரவுடிகள் போட்ட சட்டம் என்று நினைத்தால் தப்பு. காய்கறி விற்கிற அம்மாக்களும், கோயில் கமிட்டிப் பெரிய மனிதர்களும் சேர்ந்து காப்பாற்றி வருகிற சட்டம் அது. பள்ளிக்கூடத்தில் அடி வாங்கி அழுதுகொண்டு வருகிற பிள்ளைக்கு, வாங்கிவிட்டு வந்ததற்காக வீட்டில் இன்னொரு அடி விழும்.

அங்கேதான் நாலு வருடத்துக்கு முன் சோணைமுத்து வகுப்பு ஆரம்பித்தான். தெருவின் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, சாயங்காலம் ஆறு மணிக்கு. சாமி தனக்குக் கொடுத்ததைத் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று அவனுக்கு ஆசை. ஒன்பது பேர் வந்தார்கள். கோபம் வந்தால் மூச்சைக் கவனி, கையைத் தூக்காதே, ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டே இரு என்று சொல்லிக் கொடுத்தான். பையன்கள் அவனை மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள். சும்மா சொல்லக்கூடாது, அது அவனுக்குப் பிடித்திருந்தது.

ஒன்பது பேரில் இரண்டு பேர் அடங்காதவர்கள். ஒருவன் தாவீது. வாரம் ஒரு சண்டை, மாதம் ஒரு தையல். மூன்று மாதம்கூடத் தாக்குப் பிடிக்காமல் வகுப்பைவிட்டு ஓடிப்போனான். இன்னொருவன் நாகு. பதிமூன்று வயதில் நிற்காமல் போன பஸ்ஸின் கண்ணாடியைக் கல்லால் உடைத்தவன். அந்த நாகுதான் ஒரே வருடத்தில் வகுப்பின் முதல் மாணவன் ஆனான். நாற்பது நிமிடம் அசையாமல் உட்காருவான். முகத்தில் ஈ உட்கார்ந்தால்கூட விரட்ட மாட்டான். சோணைமுத்து அவனைப் பற்றிச் சாமியிடமே பல தடவை பெருமையாகச் சொல்லியிருக்கிறான்.

நாகுவுக்குப் பதினைந்து வயதில் அது நடந்தது. சுரேந்தர் என்று தெருவில் ஒருவன், அப்போது அவனுக்கு இருபது. அவன் டீக்கடைக்கு வந்தபோது நாகு பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவில்லை. அதற்காகக் கன்னத்தில் இரண்டு அறை. யாரோ போனில் படம் பிடித்தார்கள். பொழுது சாய்வதற்குள் தெருவில் எல்லார் போனிலும் நாகு அறை வாங்கிக்கொண்டிருந்தான்.

நாகு கையைத் தூக்கவில்லை. நேராக வகுப்புக்கு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தான். கன்னத்தில் விரல் தடம் இருந்தது. சோணைமுத்துவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பட்ட பாட்டுக்கெல்லாம் பலன் கிடைத்துவிட்டது என்று நினைத்தான். பையனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"கை ஓங்காம வந்தியே, அதுதான்டா பெரிசு. பொறுத்துக்க. உனக்கு ஒரு நேரம் வரும்."

இதை நம்மில் சொல்லாதவர் யார்? பரீட்சையில் தோற்றவனுக்குச் சொல்கிறோம். கல்யாணம் தள்ளிப்போகிற பெண்ணுக்குச் சொல்கிறோம். நல்ல காலம் பிறக்கும் என்று அர்த்தம். சோணைமுத்துவும் அந்த அர்த்தத்தில்தான் சொன்னான். ஆனால் கீழப்பட்டறைத் தெருவில் அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் இருந்தது. அவன் அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவன், அது தெரியாதவன் இல்லை. சந்தோஷத்தில் மறந்துவிட்டான்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம். நாகுவுக்குத் தெருவில் 'வாங்குனவன்' என்றே பெயராகிவிட்டது. சின்னப் பிள்ளைகள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். பெற்ற தாய் சோற்றைப் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நாகு எதற்கும் கோபப்படவில்லை. தினமும் வகுப்புக்கு வந்தான். சுரேந்தருக்கோ கல்யாணம் ஆயிற்று. ஒரு பெண் குழந்தை பிறந்தது. பார்சல் ஆபீஸில் வேலைக்குப் போனான். பழைய சேட்டையெல்லாம் போய், சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தான். எதிரில் வந்தால் நாகுவை அவனே விசாரிப்பான். என்ன தம்பி, நல்லாருக்கியா என்பான். நல்லாருக்கேண்ணே என்பான் நாகு.

போன வியாழக்கிழமை காலையில் சுரேந்தர் பால் பாக்கெட் வாங்க வந்தான். நாகு மூன்றே வெட்டு வெட்டினான். பிறகு அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, தானே நடந்து போய்ப் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்தான். சுரேந்தர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டான். நாகுவுக்குப் பதினெட்டு முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. சிறார் கூர்நோக்கு இல்லத்தில் கொண்டுபோய் வைத்தார்கள்.

"நேத்து போய்ப் பாத்தேன் சாமி," என்றான் சோணைமுத்து. "என்னைக் கண்டதும் கால்ல விழுந்தான்."

"என்ன சொன்னான்?"

"ஏன்டா இப்படிப் பண்ணுனன்னு கேட்டேன். ரெண்டு வருசம் ஆச்சே, அவன் மாறிட்டானேடான்னேன். அதுக்கு அவன், நீங்கதான மாஸ்டர் பொறுத்துக்கச் சொன்னீங்க, பொறுத்தேன். நேரம் வரும்னீங்க, வந்துச்சு. அப்படிங்கிறான்."

சோணைமுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"இன்னொண்ணும் சொன்னான். முன்ன மாதிரி இருந்திருந்தா அன்னைக்கே கல்லைத் தூக்கியிருப்பேன், ரெண்டு பேருக்கும் மண்டை உடைஞ்சு அதோட முடிஞ்சிருக்கும். உங்க புண்ணியத்துல நிதானமாச் செஞ்சேன், கை நடுங்கவே இல்ல மாஸ்டர்ன்னு சொன்னான். நன்றி சொல்றான் சாமி எனக்கு."

"அந்தத் தாவீது என்ன ஆனான்?"

தாவீது ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான் என்றான் சோணைமுத்து. இரண்டு வருடம் கண்டவனோடும் கட்டி உருண்டு, இரண்டு தடவை ஸ்டேஷனில் உட்கார்ந்து, கடைசியில் சலித்துப்போய் நிறுத்திவிட்டான். இப்போது யாராவது திட்டினால் பதிலுக்கு நாலு வார்த்தை திட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குகிறான்.

"வகுப்பை விட்டு ஓடினவன் பிழைச்சுக்கிட்டான். உக்காந்தவன் கொலைகாரனாயிட்டான். அப்ப நான் இனிமே வகுப்பு நடத்தவா, வேண்டாமா? நீங்கதான் சொல்லணும். மிச்சப் பிள்ளைங்க நாளைக்குச் சாயங்காலம் வந்து நிப்பாங்க. வேண்டாம்னு அனுப்பினா தெரு பாத்துக்கும். உக்கார வெச்சா எத்தனை நாகு வருவான்னு தெரியல."

சாமி எழுந்தார். காவித் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"உங்க தெருவுல ஒரு டீ குடிக்கலாம், வா."

பாலத்தைக் கடந்து போனார்கள். கீழப்பட்டறைத் தெரு முனையில், டீக்கடைக்குப் பக்கத்தில், புதிதாக ஒரு பிளெக்ஸ் கட்டியிருந்தது. நாகுவின் படம், கறுப்புக் கண்ணாடி போட்டது. 'பொறுமையின் சிகரமே! விரைவில் வருக!' என்று மேலே பெரிய எழுத்து. கீழே வட்ட வட்டமாகப் பதினோரு தம்பிகளின் முகங்கள். அதில் சில முகங்களுக்கு இன்னும் மீசைகூட முளைக்கவில்லை.

சோணைமுத்து அதைப் படித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். சாமி நின்று நிதானமாகப் படித்தார்.

பெஞ்சில் இருந்த பையன்கள் மாஸ்டரைக் கண்டதும் எழுந்து நின்றார்கள். இதுவரை அவனுக்கு அந்தத் தெருவில் அவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை. பெஞ்சைத் துடைத்துவிட்டு உட்காரச் சொன்னார்கள். வகுப்பை நிறுத்திவிடாதீர்கள் என்று கெஞ்சினார்கள். ஒருவன் நோட்டிலிருந்து கிழித்த தாளை நீட்டினான். புதிதாகச் சேர விரும்புகிறவர்களின் பெயர்கள், மொத்தம் பதினாலு. முன்பு வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டும் ஒன்பது பேரைத்தான் அவனால் சேர்க்க முடிந்தது.

தலையில் கீரைக் கட்டோடு போன ஒரு பெண் நின்று அவனைக் கும்பிட்டாள்.

"மாஸ்டர், எம் மகன் பேரும் அதுல இருக்கு. பயலுக்கு ரோசம் இருக்கு, நிதானந்தான் பத்தல. நாகுவுக்குக் குடுத்தீங்கள்ல, அதை இவனுக்கும் கொஞ்சம் குடுங்க."

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். நல்ல பெண். மகன் நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவள் மனதில் வேறு எதுவும் இல்லை. சோணைமுத்து தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். அதைக் கிழித்துப் போட அவனுக்குக் கை வரவில்லை.

டீ வந்தது. சாமி தம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பவும் பிளெக்ஸைப் பார்க்கப் போனார். அதற்குள் அதன் அடியில் ஒரு பைக் வந்து நின்றிருந்தது. வந்தவன் அந்தத் தெருக்காரன் இல்லை. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். சிகரெட் வாங்க இறங்கியவன் திரும்பிப் பார்த்தான்.

"என்ன பெருசு, வண்டியப் பாத்து முறைக்கிற?"

"வண்டியப் பாக்கலப்பா. படத்தப் பாக்குறேன்."

"எதுத்து வேற பேசுறியா?"

அவன் சாமியின் தோளிலிருந்து துண்டை உருவினான். அதைக் கொண்டு பைக்கின் சீட்டைத் துடைத்தான். கண்ணாடியைத் துடைத்தான். குனிந்து சக்கரத்தில் ஒட்டியிருந்த சேற்றையும் சாவகாசமாகத் துடைத்தான். பிறகு அந்தத் துண்டைச் சாமியின் தலையில் போட்டான். கடையில் யாரோ சிரித்தார்கள். டீ மாஸ்டர் பாலை ஆற்றுவது போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பையன்கள் நாலு பேர் பெஞ்சைவிட்டு எழுந்துவிட்டார்கள். அந்தத் தெருவின் வழக்கப்படி நேரே பாயாமல் சோணைமுத்துவின் முகத்தைப் பார்த்தார்கள். அவன் மாஸ்டர், அவமானப்பட்டது அவனுடைய சாமி. உத்தரவு அவனிடமிருந்துதான் வர வேண்டும்.

"ஒரு வார்த்தை சொல்லுங்க மாஸ்டர்."

சோணைமுத்துவுக்குக் காதில் இரைச்சல் கேட்டது. நகம் உள்ளங்கையில் குத்தியது. பன்னிரண்டு வருடம் கற்றதையெல்லாம் கூட்டி மூச்சைப் பிடித்து எண்ணினான்.

"இப்ப வேணாம்," என்றான்.

பையன்கள் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார்கள். வந்தவன் சிகரெட்டைப் பற்ற வைத்துக்கொண்டு பைக்கைக் கிளப்பிப் போய்விட்டான்.

சாமி துண்டைத் தலையிலிருந்து எடுத்தார். உதறினார். சேறு பட்ட பக்கம் உள்ளே போகும்படி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். மிச்ச டீயைக் குடித்துவிட்டு, டீ நன்றாக இருந்தது என்று டீ மாஸ்டரிடம் சொன்னார். அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. சோணைமுத்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். இவரிடம் பன்னிரண்டு வருடம் இருந்தும் இவரை முழுதாகத் தெரிந்துகொள்ளவில்லையே என்று நினைத்துக்கொண்டான்.

இருவரும் திரும்பி நடந்தார்கள். உச்சி வெயில். பாலத்தின் நடுவில் வரும்போது சாமி கேட்டார்.

"பயலுக கேட்டப்ப என்ன சொன்ன?"

"வேணாம்னு சொன்னேன் சாமி."

"வேணாம்னா சொன்ன?"

சோணைமுத்து பத்தடி நடந்தான். பிறகு நின்றுவிட்டான்.

"இப்ப வேணாம்னு சொன்னேன்."

சோணைமுத்து பாலத்துக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டான். கீழே ஆற்றில் தண்ணீர் இல்லை. இரண்டு எருமைகள் நின்றன.

"அது மட்டுமில்ல சாமி. அவன் கிளம்பறப்ப வண்டி நம்பரைப் பாத்து மனசுல வெச்சுக்கிட்டேன். எதுக்குன்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியல. மூச்சைத்தான் எண்ணிக்கிட்டிருந்தேன், அது பாட்டுக்கு அதுவும் உள்ள போயிருச்சு. நாப்பத்தி மூணு பதினேழு."

அவன் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தான்.

"நானும் அந்தத் தெருக்காரன்தான். எங்கிட்ட இல்லாதத அந்தப் பிள்ளைகளுக்கு நான் எங்க போய்க் குடுக்க? நாகுவை நான்தான் கெடுத்தேன். இந்தப் பதினாலு பேரை நான் தொட மாட்டேன். நீங்க வாங்க சாமி. நாளைக்குச் சாயங்காலம் நீங்க வந்து உக்காருங்க. நடுத்தெருவுல துண்டைத் தலையில போட்டுட்டுப் போறான், உங்களுக்கு முகம் மாறல. நீங்க ஒண்ணும் சொல்லிக் குடுக்க வேணாம். அவங்க உங்களைப் பாத்தாப் போதும், பிழைச்சுக்குவாங்க."

சாமி தாளை வாங்கினார். பதினாலு பெயர்களையும் ஒவ்வொன்றாகப் படித்தார். நாலாய் மடித்து அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"அந்த வண்டி நம்பர் நாப்பத்தி மூணு பதினேழு இல்ல, சோணைமுத்து," என்றார். "நாப்பத்தி மூணு எழுபத்தொண்ணு."